ஐப்பசிக் கடல்: கோவளத்துக்குப் போகுமுன்

புரட்டாசி பாதி ஆகிவிட்டது. அடுத்து தீபாவளி விடுமுறை. சென்னைக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் கோவளத்துக்குக் குடும்பத்தோடு போய்வரலாம் என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளைகளில் ஒருவர் அலைச்சறுக்கு (பலகையில் ஏறி நின்று அலைமேல் வழுக்கிவரும் விளையாட்டு) கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடிக்கவும் கூடும். போகுமுன் கைபேசியைத் திறந்தால் 1.1 மீட்டர், 7 நொடி, வடகிழக்கு, மணிக்கு 24 கிலோமீட்டர் என்று எண்களாகக் கொட்டும். அவற்றை எப்படிப் படிப்பது? வரும் வாரங்களில் கடல் எப்படி இருக்கும்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இன்னும் இருபத்தைந்து நாள் கழித்து வரும் சனிக்கிழமை அலை எத்தனை அடி எழும் என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. சில செயலிகள் பதினாறு நாள் வரை மணிக்கு மணி எண் காட்டும். மூன்று நான்கு நாள் வரை அதை நம்பலாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் அது ஊகம்தான். ஆனால் இந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்பும், கடல் எப்படி மாறும் என்பதைச் சொல்லலாம். நாள் குறிக்க அது போதாது, திட்டம் போடப் போதும்.

அப்படியானால் வரும் ஆறு வாரங்களில் என்ன நடக்கும்? காற்று திசை மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் தென்மேற்குக் காற்று. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும், ஒரு வாரம் முன்பின் ஆகலாம். இரண்டுக்கும் நடுவே சில நாள் காற்று ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒரு பக்கம், மாலையில் இன்னொரு பக்கம் என்று அலையும். அதற்குப் பிறகு வாடை (வடகிழக்குக் காற்று) இறங்கிவிட்டால் தை வரை அதன் ராஜ்யம்தான்.

திசை மாறினால் உங்களுக்கு என்ன? கோவளத்தின் கடற்கரை கிழக்கைப் பார்த்து நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். எழுந்துவரும் அலையின் முகத்தில் அது படுவதால் அலை சட்டென்று உடையாமல் நிமிர்ந்து, சீராக, வரிசையாக வரும். அலைச்சறுக்குக்காரர்கள் விரும்புவது இதைத்தான். இந்தியாவுக்கு ஆசிய அலைச்சறுக்குப் போட்டி வந்தபோது, 2025 ஆகஸ்டில், பக்கத்து ஊரான மாமல்லபுரத்தில் நடத்தினார்கள். 2023இல் நடந்த பன்னாட்டுப் போட்டியும் அதே ஊர், அதே ஆகஸ்ட். மாதத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசும் காற்று அலையின் முதுகில் அடித்துத் தள்ளும். அலை ஒழுங்கிழந்து, நுரையும் கலங்கலுமாக, இரண்டு மூன்று திசையிலிருந்து முட்டிக்கொண்டு வரும். கார்த்திகையில் நீங்கள் பார்க்கும் கோவளம் இதுதான். பார்க்க அழகு, இறங்கத் தொல்லை.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. 'வடகிழக்குக் காற்று' என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. அலைக்கும் அப்படியே, வரும் திசையைத்தான் சொல்வார்கள். நீரோட்டத்துக்கு மட்டும் தலைகீழ். 'தெற்கு நீரோட்டம்' என்று முன்னறிவிப்பில் கண்டால் அது தெற்கு நோக்கிப் போகிறது என்று பொருள். யார் இப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்களோ, நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, 1.1 மீட்டர் என்றால் எல்லா அலையும் 1.1 மீட்டரா? இல்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். ஆகவே பெரும்பாலான அலைகள் அதைவிடச் சின்னவை. ஆனால் ஏறக்குறைய ஆயிரம் அலைக்கு ஒன்று அந்த எண்ணைப்போல் இரண்டு மடங்கை நெருங்கும். ஆயிரம் அலை வர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? எட்டு நொடிக்கு ஒன்று வந்தால் இரண்டேகால் மணி நேரம். நீங்கள் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தால், ஆளுயர அலை ஒன்று உங்களைத் தேடி வந்துவிட்டுப் போகும். "இவ்வளவு நேரம் அமைதியாத்தானே இருந்துச்சு" என்று நனைந்த செருப்பைத் தேடுகிறவர்கள் சொல்வது இந்த அலையைப் பற்றித்தான்.

உயரத்தைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் அந்த 7 நொடி. அலை இடைவெளி (ஓர் அலை உச்சி கடந்தபின் அடுத்த உச்சி வர எடுக்கும் நேரம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நொடி என்றால் பக்கத்தில் வீசும் காற்று கிளப்பிய அலை. பன்னிரண்டு, பதினான்கு நொடி என்றால் வெகுதூரத்தில் எங்கோ ஒரு புயல் கிளப்பியது. ஆறு நொடி அலைக்கும் பதினான்கு நொடி அலைக்கும் உயரம் ஒன்றேயானாலும் பின்னது சுமந்துவரும் வலு இரண்டு மடங்குக்கும் மேல். ஆழ்கடலில் முன்னதன் நீளம் ஐம்பத்தாறு மீட்டர், பின்னதன் நீளம் முந்நூறு மீட்டரைத் தாண்டும். கரைக்கு வந்ததும் அவ்வளவு தண்ணீரும் மணலில் ஏறித்தான் தீர வேண்டும். உங்கள் பை, பாய், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அது பார்க்காது.

இதை நீங்களே அளக்கலாம், செயலி வேண்டாம். மணலில் நின்று, அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் ஏதாவது ஒரு புள்ளியை, ஒரு மிதவையோ நங்கூரமிட்ட படகோ, குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அலை அதைத் தூக்கும்போது கெடிகாரத்தைப் பார்த்து 'பூஜ்யம்' என்று தொடங்கி, பத்தாவது அலை தூக்கும்வரை எண்ணுங்கள். ஆன நொடியைப் பத்தால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். எழுபது நொடி ஆனால் ஏழு. நூற்று முப்பது ஆனால் பதின்மூன்று; அன்று குழந்தைகளை ஈர மணலுக்கு மேலேயே நிறுத்திவையுங்கள். சில நாள் இரண்டு வகையும் கலந்தே வரும், எண்ணிக்கை பிடிபடாது. அது கலங்கிய கடல் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

தூரத்துப் புயல் என்றால் எவ்வளவு தூரம்? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு இந்தப் பக்கம், ஓயாமல் புயல் வீசும் ஒரு பட்டை இருக்கிறது. அங்கே பிறக்கும் பதினான்கு நொடி அலைக்கூட்டம் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகரும். ஆக, நம் கரை வந்து சேர ஐந்தாறு நாள். இலங்கை குறுக்கே கிடப்பதால் சென்னைப் பக்கத்துக்கு அதன் வலு கொஞ்சம் தணிந்துதான் வருகிறது. கன்னியாகுமரிக்கும் கேரளத்துக்கும் அந்தத் தடுப்பு இல்லை. வானம் வெளுத்துக் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று கரையேறும் இதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். கள்ளனைப்போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துப்போனது. எச்சரிக்கை அதற்கு முந்தைய நாட்களிலேயே வந்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் தூரத்துப் புயலுக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை, வங்கக் கடலிலேயே உருவாகும். புயலின் காற்றையும் மழையையும் முந்திக்கொண்டு அதன் அலை வந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே.

துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள், ஒன்றுதானே, போகலாமா? இப்படிக் கேட்பவர்கள் அதிகம். அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்கானவை. ஒன்றாம் எண், தூரத்தில் புயல் உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது என்கிறது. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை என்பது உண்மை. மணலில் நிற்கும் உங்களுக்கு அலை பெரிதாகப்போகிறது என்பதும் அதே அளவு உண்மை. கூண்டு ஏறிவிட்டால், எண் எதுவானாலும், அந்த வாரம் கடலை விட்டுவிட்டு ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புங்கள்.

எந்த நேரத்தில் போவது நல்லது? விடியற்காலை. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும், அலை கலையும். அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். வாடை நிலைத்துவிட்டால் பொருந்தாது, காலையும் மாலையும் ஒன்றுதான்.

காலைக் காற்றில் ஒரு பொறியும் உண்டு. காற்றடைத்த டியூப், பிளாஸ்டிக் மெத்தை, பந்து இவற்றைத் தண்ணீருக்கு எடுத்துப்போகாதீர்கள். மேற்குக் காற்று அவற்றை ஆளோடு சேர்த்துக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கரையோரம் அலை சாதுவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. போன பந்தை விரட்டிக்கொண்டு நீந்துவதுதான் இதில் மிகப் பெரிய தப்பு. பந்து இருபது ரூபாய், போகட்டும்.

அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டுமா? ஓரளவுக்கு. நம் பக்கம் கடல் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர் சுற்றி. குஜராத் போலப் பல மீட்டர் இல்லை. பெரிய அலையும் அமாவாசை ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்தால்தான் மணல் காணாமல் போகும்.

மழை பெய்த மறுநாள் போகலாமா? வேண்டாம். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு கழிமுகம் இருக்கிறது. பெருமழைக்குப் பின் உள்நாட்டு வெள்ளம் அது வழியாகத்தான் கடலில் விழும். சாக்கடை, குப்பை, முறிந்த மரம் எல்லாம் கூடவே வரும். நீரோட்டமும் பருவத்தோடு தெற்கு நோக்கித் திரும்பியிருக்கும் என்பதால் அந்தக் கலங்கல் கோவளம் பக்கமே வரும். தண்ணீர் காவி நிறம் மாறித் தெளியும்வரை இரண்டு மூன்று நாள் பொறுங்கள். நீலக் கொடி (தூய்மை, பாதுகாப்புக்காகக் கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டுச் சான்று) 2021இல் கோவளத்துக்குக் கிடைத்தது உண்மைதான். வெள்ளத் தண்ணீருக்கு அது தெரியாது.

எல்லாவற்றையும்விட நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இழுப்பு (கரையில் ஏறிய தண்ணீர் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும் ஓட்டம்). அது எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும், ஆனால் கண் ஏமாற்றும். வரிசையாக வெள்ளை நுரை உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். குடும்பங்கள் 'இங்கே அலை இல்லை' என்று தேடிப்போய் இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். இழுப்பு அங்கேதான் ஓடுகிறது.

மாட்டிக்கொண்டால்? கரையை நோக்கி நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் தோற்றுப்போகும் ஓட்டம் அது. அது கீழே இழுக்காது, வெளியேதான் இழுக்கும். மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உடையும் இடம் வந்ததும் அலையோடு திரும்புங்கள். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காலித் தண்ணீர்க் கேன், கயிறு, எது கிடைத்தாலும் எறியலாம்.

அலைச்சறுக்கு கற்க வேண்டும் என்ற பிள்ளைக்கு என்ன பதில்? அக்டோபர் முதல் பாதியில் காலை வேளை கிடைத்தால் ஒரு வகுப்பு போகலாம். பயிற்சியாளர்கள் கோவளம் மீனவக் குப்பத்திலேயே வளர்ந்த மீனவ இளைஞர்கள், 'இன்னைக்கு வேணாம்' என்று அவர்கள் சொன்னால் பணத்தைப் பற்றிப் பேசாமல் திரும்பிவிடுங்கள். தவறவிட்டால் பிப்ரவரி, மார்ச் வரை காத்திருப்பதே மேல். அலை சின்னது, மழை இல்லை, விழுந்தாலும் முழங்கால் தண்ணீர்.

கிளம்பும் முந்தைய நாள் இரண்டு இடத்தைப் பாருங்கள். அலை உயரமும் இடைவெளியும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தளத்தில் மாவட்டவாரியாகக் கிடைக்கும். கோவளம் செங்கல்பட்டு மாவட்டம். காற்றுக்கும் மழைக்கும் சென்னை வானிலை ஆய்வு மையம். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அதில் ஒரு வரி இருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டியதில்லை. வேறு செயலியில் வேறு எண் வந்தால் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் இறங்காமல் நின்று பாருங்கள். மூன்று எண்களைக் கைபேசியில் போட்டுவையுங்கள்: தமிழகக் கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.