அதிகாலையின் அமைதியில் (நாவல்)

அதிகாலையின் அமைதியில், ருஷ்ய எழுத்தாளர் போரிஸ் வசீலியெவ் எழுதிய குறுநாவல். இரண்டாம் உலகப்போரில் சோவியத் படையின் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் பணியாற்றிய ஐந்து இளம்பெண்களின் கதை இது. 1969-ல் 'யூனஸ்த்' என்னும் ருஷ்ய இலக்கிய இதழில் வெளிவந்தது. ருஷ்யத் தலைப்பின் நேர்பொருள் 'இங்கே வைகறைகள் அமைதியானவை' என்பதாகும். போர்க்காலப் பெண்களைப் பற்றிய வரலாற்றுப் புனைவுகளில் பரவலாக வாசிக்கப்பட்ட படைப்புகளுள் ஒன்று.

ஆசிரியர்

போரிஸ் வசீலியெவ் 1924 மே 21-ல் ஸ்மலென்ஸ்க் நகரில் பிறந்தார். 1941-ல் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியபோது அவருக்கு வயது 17. தானே முன்வந்து போர்முனைக்குச் சென்றார். 1943-ல் குண்டுவெடிப்பின் அதிர்ச்சியால் காயமுற்றார். பின்னர் ராணுவக் கல்விநிலையத்தில் பொறியியல் பயின்று, 1954-ல் படையிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார். 2013 மார்ச் 11-ல் மறைந்தார். போரை அதன் உள்ளிருந்து கண்டவர் என்பதால், இக்குறுநாவலில் சதுப்பு நிலமும் ஈரக்காலணியும் துப்பாக்கியின் சுமையும் வாசகர் உணரும்படி வந்துள்ளன.

வரலாற்றுப் பின்னணி

சோவியத் படையில் போரின்போது ஏறத்தாழ 8 லட்சம் பெண்கள் பணியாற்றினர். மருத்துவர், செவிலியர், செய்தித் தொடர்பாளர் பணிகளோடு அவர்கள் நின்றுவிடவில்லை. குறிபார்த்துச் சுடுவோராகவும் விமானிகளாகவும் பெண்கள் இருந்தனர். மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் உருவான 588ஆம் இரவுநேரக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் விமானிகள், இயந்திரப் பணியாளர் அனைவரும் பெண்களே.

பெண்கள் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்ட துறை வான் பாதுகாப்பு. ஆண்களைப் போர்முனைக்கு அனுப்புவதற்காக, 1942 மார்ச்சில் 1,00,000 இளம்பெண்களை இத்துறைக்குத் திரட்ட ஆணை பிறந்தது. நாவலின் கதை நிகழ்வது 1942 மே மாதம்.

கதை நிகழும் கரேலியா, ருஷ்யாவின் வடமேற்கே ஏரிகளும் காடுகளும் நிறைந்த பகுதி. மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் இறங்கிய நேசநாட்டுப் போர்ப்பொருள்களை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற கீரவ் ரயில்பாதை இவ்வழியே சென்றது. ஆகவே இப்பாதையைத் தகர்ப்பது ஜெர்மானியருக்கு முக்கியமாக இருந்தது.

கதைச்சுருக்கம்

காட்டின் நடுவே 171 என்ற எண் கொண்ட சிறு ரயில் நிலையம். அதன் காவலுக்குப் பொறுப்பானவர் சார்ஜண்ட் மேஜர் வாஸ்கவ். வயது 32, படிப்பு நான்காம் வகுப்பு. தமக்கு அனுப்பப்படும் வீரர்கள் குடிப்பதிலும் ஊர்ப்பெண்களைச் சுற்றுவதிலும் காலம் கழிப்பதால், குடிக்காதவர்களை அனுப்புங்கள் என்று மேலிடத்துக்கு ஓயாமல் எழுதுகிறார். மேலிடம் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவுப் பெண்களை அனுப்புகிறது.

ஒரு விடியற்காலையில் ரீத்தா ஒஸ்யானினா என்பவள் காட்டில் இரண்டு ஜெர்மானியரைக் காண்கிறாள். வாஸ்கவ் ஐந்து பெண்களை அழைத்துக்கொண்டு, சதுப்பு நிலத்தின் குறுக்கே சென்று அவர்களை மறிக்கக் காத்திருக்கிறார். ஆனால் வருபவர்கள் இருவர் அல்லர், 16 பேர். லீஸா உதவி கேட்டு அனுப்பப்படுகிறாள். ஆற்றங்கரையில் மரம் வெட்டுவோர் போல நடித்து, மற்றவர்கள் எதிரியைச் சுற்றுவழியில் திருப்பிவிடுகின்றனர். அடுத்தடுத்து ஐந்து பெண்களும் உயிரிழக்கின்றனர். காயமுற்ற வாஸ்கவ் எஞ்சிய ஜெர்மானியரைத் தனியொருவராகச் சிறைப்பிடிக்கிறார்.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு கையை இழந்த நரைத்த முதியவர் ஒருவரும் இளம் ராணுவ அதிகாரி ஒருவரும் அந்தக் காட்டில் நினைவுக்கல் வைக்க வருகின்றனர். அந்த இளைஞன் ரீத்தாவின் மகன். முதியவர் அவனை வளர்த்த வாஸ்கவ்.

ஐந்து பெண்கள்

ரீத்தா ஒஸ்யானினா: எல்லைக்காவல் அதிகாரியின் மனைவி. போரின் இரண்டாம் நாளிலேயே கணவன் இறந்துவிட்டான். அருகிலுள்ள நகரில் தாயிடம் விட்டிருக்கும் சிறுமகனுக்காகத் தன் உணவுப் பங்கை எடுத்துக்கொண்டு இரவில் ரகசியமாகச் சென்று வருவாள். அப்படித் திரும்பும்போதுதான் ஜெர்மானியரைக் காண்கிறாள். வயிற்றில் குண்டுச்சிதறல் பாய்ந்த நிலையில் மகனை வாஸ்கவிடம் ஒப்படைத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள்.

ஷேன்யா கமெல்கோவா: ராணுவத் தளபதியின் மகள், அழகி, துணிச்சல்காரி. தன் குடும்பத்தினர் சுட்டுக்கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்தவள். காயமுற்ற ரீத்தாவைக் காப்பதற்காக எதிரியைச் சுட்டபடியே வேறுபக்கம் இழுத்துச் சென்று மடிகிறாள்.

லீஸா பிரீச்கினா: காட்டுக்காவலரின் மகள். ஐந்து ஆண்டுகள் நோயாளித் தாயைப் பராமரித்ததில் பள்ளிப்படிப்பை இழந்தவள். உதவி கேட்டுத் திரும்பும் வழியில் அவசரத்தில் ஊன்றுகோலை மறந்துவிட்டுச் சதுப்பில் மூழ்குகிறாள்.

சோனியா குர்விச்: மின்ஸ்க் நகரத்து யூத மருத்துவரின் மகள், பல்கலைக்கழக மாணவி, ஜெர்மன் மொழி அறிந்தவள். வாஸ்கவ் மறந்துவிட்ட புகையிலைப் பையை எடுத்துவர ஓடும்போது கத்தியால் குத்தப்படுகிறாள்.

கால்யா செத்வெர்தாக்: அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். இல்லாத தாயைப் பற்றி, அவர் மருத்துவத்துறையில் இருப்பதாகக் கதைகள் சொல்பவள். அச்சம் தாங்காமல் ஒளிவிடத்திலிருந்து அம்மா என்று அலறி ஓடிச் சுடப்படுகிறாள்.

பெண்களின் போர்க்கால வாழ்வு

வீரச்செயல்களைவிடச் சிறு விவரங்களின் வழியாகவே ஆசிரியர் பெண்களின் நிலையைக் காட்டுகிறார். துவைத்த உள்ளாடைகளைக் காயப்போடுவது எதிரி விமானத்துக்கு அடையாளம் காட்டிவிடும் என்று வாஸ்கவ் கண்டிக்கிறார். பெண் வீரர்கள் எல்லாப் போர்முனைகளிலும் துணி உலர்த்தலாம் என்று உத்தரவே இருப்பதாக அவர்கள் பதில் சொல்கின்றனர். இந்த நகைச்சுவைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஆண்களை எண்ணி எழுதப்பட்ட படை விதிகளில் பெண் உடலுக்கு இடம் இருக்கவில்லை.

காலணி இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. பெண்களுக்குக் கிடைத்த பூட்ஸ் அளவில் பெரியவை. சதுப்பில் கால்யாவின் பூட்ஸ் ஒன்று போய்விடுகிறது. சோனியா இறந்ததும், அவள் காலணியைக் கழற்றி கால்யா அணிய வேண்டும் என்று வாஸ்கவ் கட்டளையிடுகிறார். கால்யா மறுத்து அழுகிறாள். தன் தாய் மருத்துவர், இது கூடாது என்பார் என்கிறாள். உனக்குத் தாயே இல்லை என்று ரீத்தா முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே ஆறுதலைப் போர் பறித்துக்கொள்ளும் இடம் அது.

சோனியாவின் உடலைப் பார்க்கும் வாஸ்கவ், முதல் குத்திலேயே அவள் உயிர் ஏன் போகவில்லை என்பதை உணர்கிறார். கொலைகாரன் ஆணின் மார்பைக் கணக்கிட்டுக் குத்தியிருக்கிறான். பெண்ணின் மார்பு அந்தக் குத்தைத் தடுத்ததால்தான் அவளால் குரல் எழுப்ப முடிந்தது. இவள் பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று நீளும் இழை இங்கே அறுந்துவிட்டது என்று அவர் மனம் எண்ணுகிறது.

வரலாறும் புனைவும்

இக்குறுநாவலின் மூலம் ஓர் உண்மைச் சம்பவம். காயமடைந்து தேறிய ஏழு வீரர்கள் கீரவ் ரயில்பாதையின் சிறு நிலையமொன்றில் காவல் இருந்தனர். பாதையைத் தகர்க்க வந்த ஜெர்மானியக் குழுவைத் தடுத்தனர். அவர்களில் சார்ஜண்ட் ஒருவரே உயிர் பிழைத்தார். அந்த ஏழு பேரும் ஆண்கள். வசீலியெவ் இதை அப்படியே எழுதத் தொடங்கினார். எழுத்து நகரவில்லை. இத்தகைய கதைகள் முன்பே பல வந்திருந்தன. வீரர்களைப் பெண்களாக மாற்றியதும் கதை தானே நகர்ந்தது என்று பிற்காலத்தில் அவர் கூறியுள்ளார். போர்முனையில் பெண்களே மிகுதியாகத் துன்புற்றனர், ஆனால் அவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அப்படியானால் இது வரலாற்றைத் திரிப்பதாகாதா என்ற கேள்வி எழும். குறிப்பிட்ட அந்தச் சம்பவத்தில் பெண்கள் இல்லை என்பது மெய். ஆனால் அதே ஆண்டில், அதே வயதில் பெண்கள் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் அருகே நின்றனர் என்பதும் மெய். சம்பவத்துக்கு உண்மையாக இருப்பதும் காலத்துக்கு உண்மையாக இருப்பதும் வேறுவேறு. வரலாற்றுப் புனைவு பெரும்பாலும் இரண்டாவதையே தேடுகிறது. நாவலைப் படித்துவிட்டு 171ஆம் நிலையத்தில் இவ்வாறு நடந்தது என்று தேர்வில் எழுதினால் தவறாகும். 1942-ல் பெண்கள் இவ்வாறு வாழ்ந்தனர் என்று புரிந்துகொண்டால் தவறாகாது.

திரைப்படமும் பிற வடிவங்களும்

யூரி லியூபீமவ் 1971-ல் மாஸ்கோவின் தகன்கா நாடக அரங்கில் இதை நாடகமாக்கினார். 1972-ல் ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. இயக்குநரும் போரில் காலை இழந்தவர். போர்க்களத்தில் தம்மைக் காப்பாற்றிய செவிலியருக்கு நன்றியாகவே இப்படத்தை எடுத்தார். போர்க் காட்சிகள் கறுப்பு வெள்ளையிலும், பெண்களின் பழைய நினைவுகள் வண்ணத்திலும் அமைந்தன. சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. கிரீல் மல்சானவ் இதை இசைநாடகமாக்கினார். 2005-ல் சீனத்தில் தொலைக்காட்சித் தொடராகவும், 2015-ல் ருஷ்யாவில் மீண்டும் திரைப்படமாகவும் வந்தது.

தமிழில்

பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் 'அதிகாலையின் அமைதியில்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. சோவியத் நூல்கள் குறைந்த விலையில் தமிழ்நாட்டில் கிடைத்த காலத்தில் பலர் இதைப் படித்தனர். எஸ். பி. ஜனநாதன் இயக்கி, 2009-ல் வெளிவந்த 'பேராண்மை' திரைப்படம் இதன் கதையமைப்பைத் தழுவியது. அதில் ரயில்பாதை ராக்கெட் ஏவுதலாகவும், பீரங்கிப்படைப் பெண்கள் கல்லூரி மாணவியராகவும், வாஸ்கவ் வனத்துறை ஊழியராகவும் மாறினர்.

இலக்கிய இடம்

பெண்களைப் பெயரற்ற தியாகிகளாகக் காட்டாமல், ஒவ்வொருத்திக்கும் ஊரும் குடும்பமும் ஆசையும் கொடுத்தது இக்குறுநாவலின் சிறப்பு. எந்த இருவரின் மரணமும் ஒன்றுபோல இல்லை. மறதியாலும் அச்சத்தாலும் நேரும் மரணங்களையும் ஆசிரியர் குறைவாக மதிப்பிடவில்லை. நாட்டின் தாய்மார்களைக் குண்டுகளிலிருந்து ஆண்களான நீங்கள் ஏன் காக்கவில்லை என்று போர் முடிந்தபின் கேட்டால் என்ன சொல்வது என வாஸ்கவ் வருந்தும் இடத்தில் நாவலின் மையம் இருக்கிறது.

அதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது. துயரம் பெரும்பாலும் ஓர் ஆணின் குற்றவுணர்வு வழியாகவே சொல்லப்படுகிறது. ஐந்து பெண்களும் இறந்துவிடுவதால், போரிலிருந்து திரும்பிய பெண் எப்படி வாழ்ந்தாள் என்ற கேள்வி இங்கு எழவில்லை. அதற்கான விடை 1985-ல் வெளிவந்த ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் 'போரின் பெண்மையற்ற முகம்' என்னும் நூலில் கிடைக்கிறது. போரிட்ட பெண்களே பேசும் வாய்மொழித் தொகுப்பு அது. ஊர் திரும்பியபின் சந்தேகத்துக்கும் ஏச்சுக்கும் அஞ்சித் தாங்கள் போர்முனையில் இருந்ததையே மறைத்த பெண்கள் அதில் வருகின்றனர். இறந்த பெண்ணுக்கு நினைவுக்கல் வைத்த அதே சமூகம், உயிரோடு திரும்பியவளை அப்படி வரவேற்கவில்லை. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கே அக்காலப் பெண்களின் நிலை முழுமையாகப் புரியும்.