கேசட்டில் கேட்ட கீபோர்டு... கண்ணெதிரே வாசிக்கும் காலம்!

எண்பதுகளில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு ஒரு விஷயம் மறந்திருக்காது. டீக்கடையில் பல்லவி ஆரம்பிக்கும். தனியார் பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் அதே பாட்டு, சரணத்தில் இருக்கும். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடந்தால், யாரோ ஒருவர் வீட்டு ரேடியோ அதை முடித்து வைக்கும்.

பாடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இசை யார் என்று கேட்கவே வேண்டாம், இளையராஜாதான். ஆனால், இரண்டாவது இடையிசையில் கண்ணாடி மணி உருள்வதுபோல ஒரு சத்தம் வருமே, அதை வாசித்தது யார்? என்ன கருவி அது? அதை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. சினிமா இசைக் கலைஞர்கள் சென்னை ஸ்டூடியோவின் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். ஊருக்கு வந்தது கேசட் மட்டும்தான்.

அந்தத் தலைமுறைக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. நாற்பது வருடங்களாகக் காதில் இருந்த சத்தத்தை இன்று மேடையில், கண்ணெதிரே, விரல்கள் வாசிப்பதாகப் பார்க்கிறார்கள். பலருக்குக் கண் கலங்குகிறது. அதற்குக் காரணம் பழைய நினைவு மட்டும்தானா?

12 பாட்டு, 60 நிமிடம்

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பிடித்த பாட்டு வேண்டுமென்றால் அப்போது தாளில் பட்டியல் எழுத வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ரெக்கார்டிங் கடைக்குப் போக வேண்டும். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் பன்னிரண்டு. பதிமூன்றாவது பாட்டுக்கு இடம் போதாமல் பாதியில் அறுந்துபோகும். அறுந்த இடம்கூட மனப்பாடமாகிவிடும்.

சிங்கப்பூர் போய் வந்த உறவினர் வீட்டில் டூ-இன்-ஒன் இருக்கும். மற்ற வீடுகளுக்கு 1939 முதல் ஒலிபரப்பும் திருச்சி வானொலியும், கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியும். இப்படித் தேடித் தேடிக் கேட்டதால் ஒவ்வொரு சத்தமும் ஆழமாகப் பதிந்தது. வயலின் எங்கே நுழையும், பேஸ் கிட்டார் எங்கே இறங்கும், கீபோர்டு எங்கே மினுங்கும் என்று, இசை படிக்காதவர்களும் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள்.

ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்கள்

இந்தப் புதுச் சத்தத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. எழுத்தாளர் சுஜாதா, அதாவது எஸ். ரங்கராஜன், பாட்டி வீட்டில் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு வகித்தவர்.

சிங்கப்பூரில் படமான 'ப்ரியா' (1978) அவருடைய கதை. கம்ப்யூட்டரும் ஏவுகணையும் வரும் 'விக்ரம்' (1986) படத்திலும் அவருடைய எழுத்து. இரண்டுக்கும் இசை இளையராஜா. கதை புதிய காலத்தைப் பேசும்போது இசையும் அதைப் பேச வேண்டும் அல்லவா? 'விக்ரம்' தலைப்புப் பாட்டில் இயந்திரத் துடிப்பு முன்னால் வந்து நின்றது. பாடியவர் கமல்ஹாசன்.

அதே வருட தீபாவளிக்கு வந்தது கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்'. சீக்வென்சர் என்ற கருவியைக் கொண்டு கம்ப்யூட்டர் முறையில் இசைப்பதிவு செய்த முன்னோடிப் படமாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த வருடங்களில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் திலீப் என்ற இளைஞரும் ஒருவர். பின்னாளில் உலகம் அவரை ஏ.ஆர். ரஹ்மான் என்று அறிந்தது.

சீக்வென்சர் என்றால் என்ன? கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டேப் ரெக்கார்டர் என்பது போட்டு முடித்த கோலத்தைப் படம் பிடிப்பது. சீக்வென்சர் அப்படியல்ல, புள்ளிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தமாக என்ற கணக்கு மட்டும்தான் அதில் இருக்கும். எந்த நிறப் பொடியில் கோலம் போடுவது, அதாவது எந்த வாத்தியத்தின் ஓசையைக் கொடுப்பது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச வழிசெய்த 'மிடி' என்ற பொதுமொழி 1983-ல் வந்தது. எண்பதுகளின் பாட்டுகளில் உலகமெங்கும் மணியோசை போலக் கேட்கும் யமஹா டிஎக்ஸ் 7 வந்ததும் அதே வருடம்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அந்த வருடங்கள் வேறு விதத்திலும் மறக்காது. நூற்றாண்டுகளாக முற்றுப்பெறாமல் நின்ற ராஜகோபுரம் 13 நிலைகளோடு 236 அடிக்கு உயர்ந்து, 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம் கண்டது. அதில் ஒரு நிலைக்கான செலவை ஏற்றுக்கொண்டவர் இளையராஜா. ஒரு பக்கம் சீக்வென்சர், இன்னொரு பக்கம் கோபுரம். இரண்டும் ஒரே காலத்து வேலை.

முதலில் வாசித்துக் காட்டியவர்கள்

'நேரில் கேட்பது' என்றால் இன்று பெரிய மேடையும் எல்.இ.டி திரையும்தான் கண்முன் வருகின்றன. ஆனால், இந்தப் பாட்டுகளைத் திருச்சிக்காரர்கள் முதன்முதலில் நேரில் கேட்டது கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும்தான். வாசித்தவர்கள் உள்ளூர் மெல்லிசைக் குழுவினர்.

அவர்களின் பாடு சாதாரணமானது அல்ல. ஸ்டூடியோவில் வயலின் வரிசை, புல்லாங்குழல், சிதார், கிட்டார் என்று பெரிய கூட்டமே வாசித்ததை, இங்கே ஒரே ஒருவர் ஒரு சின்ன கீபோர்டில் கொண்டுவர வேண்டும். இசைக்குறிப்புத் தாள் கைக்கு வராது. கேசட்டை ரீவைண்ட் செய்து, மறுபடி போட்டு, மறுபடி ரீவைண்ட் செய்து, காதாலேயே பாடம் செய்ய வேண்டும். இடது கையில் பேஸ், வலது கையில் வயலின், நடுவில் புல்லாங்குழலுக்கு ஒரு பட்டனை மாற்ற வேண்டும். ஒரு நொடி தவறினாலும் முன்வரிசைப் பையன்கள் "அண்ணே, அந்த பிட்டு விட்டுப்போச்சு!" என்று கத்துவார்கள். ஒவ்வொரு பிட்டும் அவர்களுக்கு மனப்பாடம் ஆயிற்றே!

கதவு திறந்தது

திரையிசையில் உச்சத்தில் இருந்த காலத்தில் இளையராஜா மேடைக் கச்சேரி செய்வது மிக அரிது. நாளெல்லாம் ஒலிப்பதிவு. 2005 அக்டோபரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் முழுக் குழுவோடு மேடையேறினார். 2011 டிசம்பரில் மீண்டும் சென்னை. 2013-ல் டொரொண்டோ. 2019 பிப்ரவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்தில் இரண்டு நாள் 'இளையராஜா 75' விழா. பிறகு கோவை, நெல்லை என்று மற்ற ஊர்களுக்கும் கச்சேரி போனது.

இந்த மேடைகளில் ரசிகர்கள் கண்டுகொண்ட முதல் விஷயம், அது அத்தனையும் எழுதப்பட்ட இசை என்பது. ஒவ்வொரு கலைஞர் முன்னாலும் தாள். யாராவது ஓரிடத்தில் பிசகினால், இளையராஜா பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. கூட்டம் அதற்கும் கை தட்டுகிறது. கேசட்டில் குறையில்லாமல் கேட்டதன் ரகசியம் அப்போதுதான் புரிகிறது.

இரண்டாவது விஷயம், பழைய பாட்டுகள் பெரும்பாலும் கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை. இன்றுபோல ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் வந்து வாசித்து ஒட்டியவை அல்ல. இயந்திர ஓசை என்று நாம் நினைத்த பலவும் விஜி மேனுவல் போன்ற கீபோர்டு கலைஞர்களின் விரல் வேலை. ஆக, கச்சேரி மேடை கேசட்டின் நகல் இல்லை. ஸ்டூடியோவுக்குள் அன்று நடந்ததுதான் இப்போது ஊரறிய நடக்கிறது.

2019 விழாவில் ஒரு தருணம். இளையராஜா பாட, பக்கத்தில் கீபோர்டு வாசித்தவர் ஏ.ஆர். ரஹ்மான். ஆஸ்கர் வாங்கிய கைகள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து வாசித்தன. பாட்டு 'மௌன ராகம்' (1986) படத்துடையது. எழுதியவர் வாலி. அவருடைய இயற்பெயரும் ரங்கராஜன்தான், வளர்ந்த ஊரும் ஸ்ரீரங்கம்தான்!

லண்டனிலும் இதே கதை

இந்த ஏக்கம் தமிழர்களுக்கு மட்டும் உரியது அல்ல. எண்பதுகளில் சிந்தசைஸர் பாப் இசையால் உலகை ஆட வைத்த குழுக்கள் இன்றும் ஊர் ஊராகப் போகின்றன. 'டெப்பஷ் மோட்' குழுவின் ஆண்டி ஃப்ளெட்ச்சர் 2022 மே மாதம் இறந்தார். மிஞ்சிய இருவரும் அடுத்த வருடமே உலகப் பயணம் கிளம்பினார்கள். 'பெட் ஷாப் பாய்ஸ்' தங்கள் பழைய வெற்றிப் பாடல்களுக்கென்றே ஒரு பயணம் போனார்கள். 'க்ராஃப்ட்வெர்க்' குழுவைத் தொடங்கிய இருவரில் இப்போது இருப்பவர் ஒருவர்தான். ஆனாலும் நான்கு பேர் வரிசையாக நின்று வாசிக்கும் அந்தக் காட்சி மாறவில்லை. 'அப்பா' குழுவோ, லண்டனில் 2022 முதல் தங்கள் இளமை உருவங்களைக் கணினி வழியே மேடையேற்றியிருக்கிறது. பாடுவது பிம்பம், கூட வாசிப்பது உயிருள்ள இசைக்குழு.

லண்டன் ஹாமர்ஸ்மித்தில் ஒரு பழைய அரங்கு. எண்பதுகளில் டெப்பஷ் மோட் வாசித்த இடம். 2025 மார்ச் 8-ல் அதே அரங்கில், ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு 'வேலியன்ட்' என்ற சிம்ஃபொனியை அரங்கேற்றியது. எழுதியவர் பண்ணைப்புரத்து இளையராஜா. வயது 81.

தள்ளிப்போட முடியாதது

2019 ஜூன் 2-ம் தேதி, சென்னையில் நடந்த இளையராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் யேசுதாஸும் ஒரே மேடையில் பாடினார்கள். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அன்று வீட்டில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வருடம் கொரோனா. செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. போய்விட்டார். மலேசியா வாசுதேவனும் ஸ்வர்ணலதாவும் அதற்கு முன்பே போனார்கள். வாணி ஜெயராம் 2023-ல், ஜெயச்சந்திரன் 2025-ல். எஸ். ஜானகி மேடையிலிருந்து விடைபெற்றுக்கொண்டார்.

இன்றைய கச்சேரிகளில் அந்தப் பாட்டுகளை இளைய பாடகர்கள் பாடுகிறார்கள். "என்ன இருந்தாலும் பழைய குரல் மாதிரி வருமா?" என்ற முணுமுணுப்பு எழும். வராதுதான். ஆனால், இசைக்குறிப்புத் தாளில் இருப்பது வரும். அடுத்த தலைமுறை விரல்கள் அதை அட்சரம் பிசகாமல் வாசிக்கும். குரலுக்கு வயதாகிறது, எழுதி வைத்த இசைக்கு வயதில்லை. கண் கலங்குவது பழைய நினைவால் மட்டுமல்ல என்பது இங்கேதான் புரிகிறது. போனது எது, நின்றது எது என்று ஒரே பாட்டுக்குள் தெரிந்துவிடுகிறது.

திருச்சியிலிருந்து சென்னை ராத்திரி ரயில் தூரம்தான். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு டிக்கெட் விலையைவிட, ஆன்லைனில் பதிவு செய்வதும் திறந்த மைதானத்தில் நான்கு மணி நேரம் உட்காருவதும் பெரிய மலை. அங்கேதான் பிள்ளைகள் வர வேண்டும். சாய்மானம் உள்ள இருக்கையாக, கழிப்பறைக்குப் பக்கமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் கூட்டம் கலையும்வரை பத்து நிமிடம் உட்கார வையுங்கள். பாட்டு நடக்கும்போது போனில் படம் பிடிப்பதை விட்டுவிட்டு, அப்பா எந்த இடத்தில் விரலைச் சொடுக்குகிறார், அம்மா எந்த இடையிசைக்குத் தலையாட்டுகிறார் என்று பாருங்கள்.

சென்னை போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அடுத்த திருவிழாவில் உங்கள் தெருவிலேயே மெல்லிசைக் கச்சேரி நடக்கும். கீபோர்டுக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். தாள் இல்லாமல், கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு அந்த இசையைக் கற்றுக்கொண்டவர் அவர். கச்சேரி முடிந்து மைக் கழற்றும்போது அவரிடம் போய், "அந்த ரெண்டாவது பிட்டு பிரமாதம், அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எழுதியவருக்குக் கைதட்ட உலகமே இருக்கிறது. இவருக்கு நாம்தான் இருக்கிறோம்.