டயர்டா இருக்கு ஸார்... எவ்வளவு டயர்டு?

திங்கட்கிழமை காலை எந்த ஆபீஸுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். ஆளாளுக்கு ஒரே பல்லவிதான்... ''செம டயர்டுப்பா!''

ஞாயிற்றுக்கிழமை பூரா கிரிக்கெட் பார்த்துவிட்டு, ராத்திரி செகண்ட் ஷோவும் போய் வந்த டயர்டு அது. ஒரு ஸ்ட்ராங் காபி, பதினோரு மணி வடை, 'மானேஜர் இன்னிக்கு லீவு' என்ற இனிய சேதி... ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், பறந்துவிடும்!

எதற்குமே பறக்காத களைப்பு ஒன்று இருக்கிறது. 'க்ரானிக் ஃபடீக் ஸிண்ட்ரோம்' என்கிறார்கள் டாக்டர்கள். தமிழில், 'நாள்பட்ட சோர்வு நோய்'. இந்தப் பெயரே அதன் முதல் எதிரி. ''சோர்வுதானே... எனக்கும்தான் இருக்கு!'' என்று ஊரே சிரிக்க வசதியான பெயர்.

சிரிக்கவும் செய்தார்கள்!

1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள், நர்ஸுகள், ஊழியர்கள் என்று 292 பேர் அடுத்தடுத்துப் படுத்தார்கள். தலைவலி, தசைவலி, தாங்கமுடியாத பலவீனம். ஆஸ்பத்திரியையே கொஞ்ச காலம் மூடவேண்டியதாயிற்று. பதினைந்து வருஷம் கழித்து, 1970-ல் இரண்டு மனநல டாக்டர்கள் பழைய கேஸ் ஃபைல்களைப் புரட்டிவிட்டு, 'இது கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். படுத்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எப்படி இருக்கு கதை?

அடுத்து, 1980-களின் நடுவில் அமெரிக்கா. நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள இன்க்ளைன் வில்லேஜ் என்ற ஊரில், ஃப்ளூ மாதிரி வந்து படுத்தவர்கள் மாசக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. பத்திரிகைகள் உடனே ஒரு செல்லப்பெயர் வைத்தன... 'யப்பி ஃப்ளூ'. கை நிறையச் சம்பளம் வாங்கும் இளசுகளுக்கு வருகிற சொகுசு வியாதியாம்!

கேலி ஏன் சுலபமாக எடுபட்டது? ஷுகர் மாதிரி ரத்தத்தில் பார்த்து 'இருக்கு, இல்லை' என்று சொல்ல இதற்கு டெஸ்ட் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. அதனால்தான் 1988-ல் இந்தப் பெயரைச் சூட்டியபோதே, 'இன்னின்ன இருந்தால்தான் இந்த நோய்' என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். 1994-ல் திருத்தினார்கள். 2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிஸின் தந்த பட்டியல் இது:

• முன்பு சர்வசாதாரணமாகச் செய்த வேலையைக்கூடச் செய்யமுடியாத சோர்வு. ஆறு மாசத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஓவர்டைம் பார்த்து வந்ததாக இருக்கக்கூடாது. ஓய்வெடுத்தாலும் பெரிதாகக் குறையக்கூடாது.

• கொஞ்சம் உழைத்தாலும், உடம்போ மூளையோ பின்னால் படுத்துவிடுவது.

• எத்தனை மணி நேரம் தூங்கினாலும், தூங்கி எழுந்த தெளிவே இல்லாதது.

இந்த மூன்றும் கட்டாயம். கூடவே, ஞாபகமும் யோசனையும் மந்தமாகிப் போவது, எழுந்து நின்றால் தலைசுற்றி மோசமாவது... இந்த இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

பட்டியலில் ரெண்டாவது ஐட்டத்தைக் கவனியுங்கள். நமக்கெல்லாம் சக்தி என்பது மாசச் சம்பளம் மாதிரி. தீர்ந்தாலும் ஒண்ணாம் தேதி வந்துவிடும். இவர்களுக்கு அது கந்துவட்டிக் கடன்! இன்றைக்கு மார்க்கெட்டுக்கு நடந்து போய்வந்தால், வட்டிக்காரன் நாளைக்கோ நாளன்னிக்கோ வந்து கதவைத் தட்டுவான். நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் படுக்கைதான். நோயாளிகளில் கால்வாசிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்கிவிடுகிறார்கள் என்கிறது அதே 2015 அறிக்கை.

''எழுந்து நாலு ரவுண்டு ஓடினா சரியாயிடும்!''

இது பக்கத்து ஸீட்காரர் சொல்லும் வைத்தியம் மட்டுமல்ல... டாக்டர்களும் பல வருஷம் இதையே எழுதிக் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் உடற்பயிற்சியை ஏற்றிக்கொண்டே போகும் அந்தச் சிகிச்சையை, 2021-ல் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இருக்கிற சக்திக்குள் செலவு செய், கடன் வாங்காதே என்பதுதான் இப்போதைய புத்திமதி.

சோம்பேறிகளின் வியாதியா இது? லாரா ஹில்லன்பிராண்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987-ல் காலேஜில் படிக்கும்போது இந்த நோயில் விழுந்தார். அப்புறம்தான் 'ஸீபிஸ்கட்' என்ற பந்தயக் குதிரையின் கதையைப் புத்தகமாக எழுதினார். 2001-ல் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. எழுந்து நடமாடவே கஷ்டப்பட்டவர் எழுதியது, நாலுகால் பாய்ச்சலில் ஓடின குதிரையைப் பற்றி!

இதைப் படித்ததும், ''ஐயையோ, எனக்கும் இதேதான்!'' என்று லீவு லெட்டர் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, ஷுகர், டி.பி., குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் தூக்கம், மனச்சோர்வு... எல்லாமே ஆளை இப்படிச் சாய்க்கக்கூடியவை. வைத்தியமும் உள்ளவை. வாரக்கணக்கில் களைப்பு விடாவிட்டால் முதலில் டாக்டரிடம் போய் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

டெஸ்ட்டெல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட்டோடு வந்த பிறகும் ஒரு நண்பர் சுவரைப் பிடித்தபடி மாடிப்படி ஏறினால், ''என்னய்யா, புதுமாப்பிள்ளை மாதிரி நடக்கிறே?'' என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் கையிலிருக்கும் ஃபைலை வாங்கிக்கொண்டு, கூடவே மெதுவாக ஏறுங்கள். மானேஜர் கேட்டால், லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம்!