நிகழ்ச்சிச் சீட்டோடு உணவும் சட்டையும்: இயங்கலையில் விற்கும் குழுக்கள் கவனிக்க வேண்டியவை

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு வரும் எல்லாரும் ஒரே மாதிரி செலவு செய்வதில்லை. காவடி எடுப்பவர் உண்டு, பால்குடம் ஏந்துபவர் உண்டு, அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவர் உண்டு. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புபவரும் உண்டு. பொதுவாக ஆலயங்களில் சாமி கும்பிடக் கட்டணம் இல்லை. அர்ச்சனையோ வேறு வழிபாடோ வேண்டுபவர் அதற்கு மட்டும் முகப்பில் சீட்டு எடுக்கிறார். எடுக்காதவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நிகழ்ச்சிச் சீட்டுகளை இயங்கலையில் விற்கும் தளங்களில் ‘எட்-ஆன்’ என்றொரு வசதி இருக்கிறது. அதன் அடிப்படையும் இதுதான். நுழைவுச் சீட்டு ஒன்று. அதோடு வேண்டுபவர் மட்டும் வாங்கிக்கொள்ளும் உணவு, டி-சட்டை, பேருந்து இருக்கை, கார் நிறுத்துமிடம் போன்றவை வேறு. ஈவென்ட்பிரைட், டிக்கெட் டெய்லர் போன்ற தளங்கள் இந்த வசதியைத் தருகின்றன. எந்தத் தளமானாலும் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், ஆலய நிர்வாகங்களும், இளைஞர் மன்றங்களும் கலை இரவு, விருந்து, குடும்ப தினம் என்று நடத்தி நிதி திரட்டுகின்றன. இவர்களுக்கு இந்த வசதி உதவும். ஆனால், அதை அமைக்கும் விதம் தவறினால் வர ஆசைப்படும் குடும்பமே வர முடியாமல் போகலாம்.

ஒரே விலையா, தனித்தனி விலையா?

ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கட்டட நிதிக்காகக் கலை இரவு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் 400 இருக்கைகள். நுழைவுச் சீட்டு 20 வெள்ளி, இரவு உணவுப் பொட்டலம் 10 வெள்ளி, நிகழ்ச்சி டி-சட்டை 25 வெள்ளி.

மூன்றையும் சேர்த்து 55 வெள்ளி என்று ஒரே சீட்டாக விற்பது செயலவைக்குச் சுலபம். ஆனால், கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் 275 வெள்ளி கொடுத்தால்தான் உள்ளே வர முடியும். தனித்தனியாக விற்றால் அதே குடும்பம் ஐந்து சீட்டு, ஐந்து பொட்டலம், மூத்த பிள்ளைக்கு ஒரு சட்டை என்று 175 வெள்ளியில் முடித்துக்கொள்ளலாம். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தால் 100 வெள்ளி போதும். ஜாசின், பத்தாங் மலாக்கா, தெபோங் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பயணச் செலவும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

செயலவைக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. ஒரு சட்டைக்கு 18 வெள்ளி அடக்கம் என்று கொண்டால், கணிப்பை நம்பி 400 சட்டை அடிக்க 7,200 வெள்ளி வேண்டும். அவற்றில் 150 மட்டும் விற்றால் கைக்கு வருவது 3,750 வெள்ளி; நட்டம் 3,450 வெள்ளி. கிட்டத்தட்ட 172 பேர் வாங்கிய நுழைவுச் சீட்டின் பணம் அந்தச் சட்டைகளிலேயே போய்விடும். முன்பதிவு பெற்று 150 மட்டும் அடித்திருந்தால் செலவு 2,700 வெள்ளி, மிச்சம் 1,050 வெள்ளி. எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் இந்த முறையின் பெரிய பலன்.

விமானச் சீட்டில் பார்த்ததுதான்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ மலிவுக் கட்டண விமானத்தில் போய் வந்தவர்களுக்கு இது புதிதல்ல. இருக்கைக்கு ஒரு விலை. பெட்டிக்கு, உணவுக்கு, சன்னலோர இருக்கைக்குத் தனித்தனி விலை. எதுவும் வேண்டாம் என்றாலும் விமானம் ஏற்றிக்கொண்டு போகும்.

விமான நிறுவனங்களிடையே ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. பயணி கேட்காமலேயே காப்புறுதி போன்றவற்றில் முன்கூட்டியே சரி அடையாளம் இட்டு வைத்துவிடுவார்கள். கவனித்து எடுக்காதவர் அதற்கும் பணம் கட்டுவார். மலேசியாவில் 2016 ஜூலை மாதம் நடப்புக்கு வந்த விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு இதைத் தடுத்தது. பயணி தாமே தேர்ந்தெடுத்தால் மட்டுமே கூடுதல் சேவைக்குக் கட்டணம் என்பது அதன் நிலை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த பயனீட்டாளர் உரிமை ஆணையும், முன்கூட்டியே சரி அடையாளமிட்ட கட்டத்தைக் காட்டிக் கூடுதல் கட்டணம் வாங்க முடியாது என்கிறது.

பள்ளிக்கூடக் கலை இரவு விமானப் பயணமல்ல. ஆனாலும் அந்த நியாயம் இதற்கும் பொருந்தும். கூடுதல் தேர்வு ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் சுழியத்தில் தொடங்க வேண்டும். நன்கொடைக் கட்டத்தில் 10 வெள்ளி என்று தானாக நிரம்பியிருக்கக் கூடாது. பணம் கட்டும் பொத்தானுக்கு முன்பே மொத்தத் தொகை தெரிய வேண்டும். தளத்தின் சேவைக் கட்டணத்தை வாங்குபவர் ஏற்க வேண்டுமானால் அதுவும் அந்த மொத்தத்தில் இருக்க வேண்டும்.

அமைக்கும் முறை

முதலில், நுழைவுச் சீட்டில் என்ன அடங்கும் என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். இருக்கை, நிகழ்ச்சி, குடிநீர் என்றால் அதை அப்படியே சொல்லிவிடலாம். சீட்டு மட்டும் வாங்கி வந்தவர் நிகழ்ச்சியை முழுமையாகப் பார்த்துவிட்டுப் போக முடிய வேண்டும். நாற்காலியைக் கூடுதல் பட்டியலில் வைத்தால் அது ஏமாற்று.

அடுத்து, கூடுதல் பட்டியல். மூன்று அல்லது நான்கு போதும். பத்துப் பொருள்களை அடுக்கினால் கைப்பேசித் திரையில் இழுத்து இழுத்துப் பார்த்துச் சலித்துப்போய், சீட்டையே வாங்காமல் விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், படம், விலை, மொத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தளத்தில் பதிய வேண்டும். எண்ணிக்கையைப் பதியாமல் விட்டால் 44 இருக்கை உள்ள பேருந்துக்கு 60 பேர் பணம் கட்டிவிடுவார்கள்.

மூன்றாவதாக, வகைகள். சட்டைக்கு அளவு உண்டு. உணவுக்குச் சைவம், அசைவம் உண்டு. இவற்றை வெவ்வேறு பொருள்களாக வைக்காமல் ஒரே பொருளின் வகைகளாக வைத்தால் பட்டியல் நீளாது. சிறுவர் அளவு மறக்கப்படுவது அதிகம். பள்ளி நிகழ்ச்சியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நான்காவதாக, ஒருவர் எத்தனை வாங்கலாம் என்ற வரம்பு. உணவு ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் போகும். கார் நிறுத்துமிடம் குடும்பத்துக்கு ஒன்று. இடம் குறைவாக உள்ளவற்றுக்கு ஒரு வாங்கலுக்கு இத்தனை என்று வரம்பு வைத்தால் ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஐந்தாவதாக, முடிவு நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடக் கூடாது. சட்டை அச்சடிக்க நாள் பிடிக்கும் என்பதால் அது மூன்று வாரத்துக்கு முன்பே மூட வேண்டியிருக்கும். பேருந்துக்காரரிடம் ஒரு வாரத்துக்கு முன் உறுதி சொல்ல வேண்டும். சமைப்பவருக்கு மூன்று நாளுக்கு முன் எண்ணிக்கை தெரிந்தால் போதும். நுழைவுச் சீட்டை நிகழ்ச்சி நாள் வரை விற்கலாம். அந்தந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டு இந்த நாள்களை முடிவு செய்வது நல்லது.

கட்டணம் தின்னும் பணம்

சீட்டுத் தளமும் வங்கிப் பரிமாற்றச் சேவையும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். சில இடங்களில் விற்பனைத் தொகையில் இத்தனை விழுக்காடு, சில இடங்களில் ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, சில இடங்களில் இரண்டும் இருக்கும். விலை வைப்பதற்கு முன் இதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

10 வெள்ளிப் பொட்டலத்தின் அடக்கம் 7 வெள்ளி என்றால் மிச்சம் 3 வெள்ளி போலத் தோன்றும். கட்டணம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 50 சென் போய், நிற்பது 2 வெள்ளி 50 சென். பரிவர்த்தனைக்கு 1 வெள்ளி என்ற முறையில், 2 வெள்ளி பானத்தைத் தனியாக விற்றால் பாதி போய்விடும். அதையே சீட்டோடு சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் வாங்கச் செய்தால் அந்த 1 வெள்ளி ஒரு முறைதான் போகும். சில்லறைப் பொருள்களை இயங்கலையில் வைக்காமல் மண்டப வாசலில் விற்பது இன்னும் நல்லது.

பணம் சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். செயலவை உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கினால், ஒரு சென்கூடக் குறையாவிட்டாலும் பின்னால் பேச்சு வரும்.

பட்டியலில் வைக்கக் கூடாதவை

அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டைக் கூடுதல் தேர்வாக வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். பணம் வாங்கிக்கொண்டு குலுக்கலில் பரிசு தருவது 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தோடு தொடர்புடைய காரியம். அனுமதி பற்றி விசாரிக்காமல் அதைப் பட்டியலில் ஏற்றக் கூடாது.

தேவையற்ற விவரங்களைக் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். சட்டை அளவு கேட்கும் இடத்தில் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் எதற்கு? பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் போதும். அந்தப் பட்டியலைப் புலனக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி அனுப்பவும் கூடாது.

இயங்கலைக்கு வராதவர்கள்

தோட்டத்தில் இருக்கும் பாட்டியிடம் இணைய வங்கிக் கணக்கு இருக்காது. பேரன் வந்தால்தான் கைப்பேசியில் சீட்டு வாங்க முடியும். அதற்குள் பேருந்து இருக்கை தீர்ந்துவிட்டால், பேருந்து யாருக்காக ஏற்பாடு செய்யப்பட்டதோ அவரே வர முடியாமல் போவார்.

அதனால், பேருந்து இருக்கையிலும் உணவிலும் ஒரு பங்கை ரொக்கத்துக்கு வாங்குபவர்களுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். பள்ளியிலோ ஆலயத்திலோ வாரத்தில் ஒரு மாலை ஒருவர் உட்கார்ந்து ரொக்கம் வாங்கிப் பற்றுச்சீட்டு கொடுத்து, அதே தளத்தில் அவர் பெயரையும் பதிந்துவிடலாம். இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடினால் நிகழ்ச்சி நாளில் எண்ணிக்கை உதைக்கும். ரொக்கத்துக்கும் இயங்கலைக்கும் ஒரே விலையாக இருப்பது முக்கியம்.

பொருளைக் கையில் கொடுக்கும் நாள்

விற்றதோடு வேலை முடிவதில்லை. சீட்டில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் வருடும்போது, அவர் வாங்கிய கூடுதல் பொருளும் திரையில் தெரிகிறதா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். நுழைவாயிலிலேயே சட்டையும் உணவும் கொடுத்தால் வரிசை நகராது. வாயிலில் சீட்டை மட்டும் பார்த்து, பொருளுக்கு வேறொரு மேசை போடலாம். மண்டபத்தில் இணையம் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால் பெயர் வரிசைப்படி அச்சிட்ட பட்டியல் கையில் இருக்கட்டும். கொடுத்ததும் அதில் கோடு போட்டுவிட்டால், ஒரே பொட்டலத்தை இரண்டு பேர் கேட்கும் சிக்கல் வராது.

பணம் திருப்பித் தருவது பற்றியும் விற்பனைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். நிகழ்ச்சி ரத்தானால் என்ன, பேருந்துக்கு ஆள் சேராவிட்டால் என்ன, சட்டை அளவு மாற்ற முடியுமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால் போதும். பேருந்து மட்டும் ரத்தானால் பேருந்துப் பணத்தை மட்டும் திருப்பித் தர முடிகிறதா என்பதைத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பனையைத் திறக்கும் முன் செயலவையில் இருவர் தங்கள் கைப்பேசியில் உண்மையாகவே பணம் கட்டி வாங்கிப் பார்ப்பது நல்லது. ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கட்டும். மற்றவர் ஒரு சீட்டு மட்டும் வாங்கட்டும். இரண்டாமவருக்கு வழியில் எங்காவது ‘உணவு வேண்டாமா’ என்று திரும்பத் திரும்பக் கேள்வி வந்தால், அந்த இடத்தைத் திருத்திவிட்டுத்தான் விற்பனையைத் தொடங்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் எது எத்தனை விற்றது, எது மீந்தது, கட்டணமாக எவ்வளவு போனது என்ற கணக்கை ஒரே தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டலாம். அடுத்த ஆண்டு எத்தனை சட்டை அடிப்பது, எந்தத் தோட்டத்துக்குப் பேருந்து அனுப்புவது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.