மீத்திறன் மாணவரும் மொழி மாறும் பருவமும்

ஒரு துறையிலேனும் தம் வயதினரைக் காட்டிலும் சில ஆண்டுகள் முன்செல்லும் ஆற்றலுடையோரை மீத்திறன் மாணவர் என்பர். வகுப்புத் தேர்வு இவ்வாற்றலை அளக்கப் போதாது. எளிய வினாத்தாளில் பலரும் நிறைமதிப்பெண் பெற்றுவிடுவர். ஆதலின், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971இல் ஆய்வைத் தொடங்கிய ஜூலியன் ஸ்டான்லி, பல்கலைக்கழகம் புகுவோர்க்குரிய தேர்வை 12, 13 வயதினர்க்கு வைத்தார். அப்பல்கலைக்கழகத்தின் துணையோடு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2009இல் பெர்மாத்தா பிந்தார் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தேர்வின்வழித் தெரிவானோர் பாங்கி வளாகத்தில் விடுமுறை முகாமில் பயின்றனர்.

பேராக் மாநிலத் தமிழ் மாணவர்க்கு இங்கொரு சிக்கல் உண்டு. ஈப்போ நகரிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டப்புறங்களிலும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றோர், 13ஆம் வயதில் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை, அதில் தேசியமொழித் தேர்ச்சி பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தனர். கணிதத்தில் முந்தியவரும் மொழியால் பிந்த நேர்ந்தது. திறன் தேடப்பெறும் பருவமும் மொழி மாறும் பருவமும் ஒன்றாதலின், மொழித்தடையே திறன்குறையாகத் தோன்றிவிடுகிறது.

இதற்கு வழியுண்டு. ரேவன் 1938இல் வெளியிட்ட வடிவத்தேர்வு போன்றவை, சொற்களைச் சாராமல் பகுத்தறியும் திறனை அளப்பன. அத்தகைய தேர்வோடு, ஆறாண்டுக் காலம் மாணவரைக் கண்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் பரிந்துரையும் எழுத்துவடிவில் இடைநிலைப்பள்ளியைச் சென்றடைதல் வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டுமே சென்றால், அம்மாணவர் புதிய வகுப்பில் மொழி தெரியாதவராகவே அறியப்படுவார்.