நெருப்பில் பிறந்த விளையாட்டு



மசினகுடியில் பொழுது சாய்ந்தால், யானை நடமாட்டத்துக்கு அஞ்சி எல்லோரும் வீடடங்கிவிடுவோம். அப்போது பிள்ளைகள் கையில் செல்போன். திரையில் ஒரு குட்டி மனிதருக்குச் சமைத்துப்போட்டு, தூங்கவைத்து, வீடு கட்டித்தரும் ‘சிம்ஸ்’ விளையாட்டு பிறந்த கதை தெரியுமா?

1991 அக்டோபரில், அமெரிக்காவின் ஓக்லாந்து மலைச்சரிவில் பரவிய தீயில் வில் ரைட் என்ற விளையாட்டு வடிவமைப்பாளரின் வீடு சாம்பலானது. கோடையில் காட்டுத்தீயைப் பார்க்கிற நமக்கு அந்த வலி புரியும். வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்து, மறுபடி குடித்தனத்தை அமைத்தார் அவர். அந்த அனுபவமும் சேர்ந்து 2000-ல் ‘சிம்ஸ்’ ஆனது. 2011-ல் ‘சிம்ஸ் ஃப்ரீபிளே’ செல்போனுக்கு இலவசமாக வந்தது.

அதில் நேரம் நம் கடிகாரப்படியே ஓடும். குட்டி மனிதர் தூங்கி எழவே மணிக்கணக்காகும். பொறுமை இழந்தால், காத்திருப்பைக் குறைக்கக் காசு கேட்கும். அதனால் பெற்றோர்களே, பிளே ஸ்டோரில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கட்டாயம் என்று அமைத்துவிடுங்கள்.

பிள்ளைகளே, காத்திருந்தே விளையாடுங்கள். மழைமறைவுப் பகுதியில் இருந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும் நம் ஊருக்குப் பொறுமை புதிதல்லவே!