எகிப்தியர் கையில் கிரேக்க ஈட்டி

மாவீரன் அலெக்சாண்டர் கி.மு. 323-ல் மறைந்தபின், எகிப்து அவருடைய தளபதி தாலமியின் வசமாயிற்று. அவர் வம்சம் ஏறத்தாழ 300 ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டது. ஆட்சிமொழி கிரேக்கம். காலப்போக்கில் மாவட்ட நிர்வாகம் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்ற அதிகாரியிடம் சேர்ந்தது. அச்சொல்லுக்குப் பொருளே படைத்தலைவர் என்பதுதான்!

படையும் கிரேக்கப் பாணியே. கிரேக்க வீரர்களுக்கு நிலம் வழங்கி அங்கேயே குடியேற்றினர். அழைத்தால் அவர்கள் போருக்கு வரவேண்டும்.

கி.மு. 217-ல் காசாவுக்கு அருகே ரபியாவில், மூன்றாம் அந்தியோகஸுடன் போர் மூண்டது. நான்காம் தாலமிக்கு ஆள் போதவில்லை. 20,000 எகிப்தியருக்கு நீண்ட ஈட்டி கொடுத்து, கிரேக்க அணிவகுப்பில் நிறுத்தினார். வெற்றி கிட்டியது.

ஆனால், தம் பலத்தை உணர்ந்த எகிப்தியர் விரைவிலேயே கலகத்தில் இறங்கினர் என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். தென் எகிப்தில் உள்நாட்டு மன்னர்கள் தோன்றினர். அப்பகுதியை மீட்கச் சுமார் 20 ஆண்டுகள் பிடித்தன.

இடையே கி.மு. 196-ல், ஐந்தாம் தாலமி அளித்த வரிச்சலுகைகளைப் போற்றிப் பூசாரிகள் சபை ஓர் ஆணை வெளியிட்டது. கிரேக்கத்தோடு எகிப்திய எழுத்துக்களிலும் அது பொறிக்கப்பட்டது. அதுதான் புகழ்பெற்ற ரொசெட்டா கல்.

ஈட்டி கொடுத்தவர்கள், பிறகு சலுகையும் கொடுக்கவேண்டியதாயிற்று!